பின்சீற்றுக்குக் கீழே ஒரு பல்லி

கார் திருத்துகிறவனுக்குக் கையால் செய்கிற வேலை கொஞ்சம். காதால் செய்கிற வேலைதான் அதிகம். அதிலும் மோட்டாரின் சத்தத்தைக் கேட்பது சிறு பங்கு, காரின் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்பது பெரும் பங்கு.

ஆகவே தொடங்குமுன் ஒரு பாரிய பிழையைத் திருத்தவேண்டியது என் கடமை. சத்தம் போடுகிற பெற்றோல் பம்ப் பழுதான பம்ப் என்றொரு நம்பிக்கை இந்தத் தீவு முழுவதும் நிலவுகிறது. வேறெதிலும் ஒத்துப்போகாத மக்கள் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். நம்பிக்கை பிழை. கரண்டில் வேலைசெய்யும் பம்ப் ‘டக், டக்’ என்று சொல்லத்தான் வேண்டும். அது உயிரோடிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. கவனிக்கவேண்டியது சத்தத்தின் வேகத்தை. ஆறுதலாகச் சொன்னால் சுகம். படபடவென்று சொன்னால் அதன் வாயில் பெற்றோல் இல்லை, காற்றோ ஆவியோ போய்க்கொண்டிருக்கிறது. கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் நான் கராஜ் வைத்திருந்த காலமெல்லாம் இதை வந்தவர் போனவர் எல்லோருக்கும் விளக்கினேன். அதனால் எனக்கு ‘மாஸ்ரர்’ என்ற பட்டம் கிடைத்தது. நம்பிக்கை அப்படியே இருந்தது. கார் வைத்திருந்து நொந்தவர்களும், கார் வைத்திருப்பவருக்கு உறவாயிருந்து நொந்தவர்களும் மேற்கொண்டு வாசிக்கலாம்.

ஓட்டை இருந்த இடம்

கந்தையர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து, காடு வெட்டி, இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைவித்து நிமிர்ந்த மனிதர். நெல் நன்றாக விளைந்த ஒரு வருடம் அவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். அதைச் செய்த கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் செய்ததில் என்னிடம் வந்தபோது மிஞ்சியிருந்தது நாலு கதவும் ஒரு பெயர்த்தகடும்தான். எஞ்சின் வேறொரு வண்டியினுடையது. றேடியேற்றர் லொறியினுடையது. ஹோர்ன் ஒரு பஸ்ஸினுடையது. அதை அடித்தால் வீதியில் நின்ற சனம் கையைக் காட்டி மறித்தது.

இவ்வளவும் கந்தையரின் மைத்துனருடைய கைவண்ணம். அவர் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைபார்த்தவர். ஒருமுறை கார்ப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார். அந்த ஒரு நாளின் படிப்பை வைத்துக்கொண்டு, புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, உறுமட்டும் என்று அதைவிடத் தடித்த குழாய் ஒன்றை அடியால் இழுத்தார். புதிதாய் வந்த எஞ்சினில் பெற்றோல் பம்ப் பூட்ட இடமில்லை. கொழும்பில் கரண்ட் பம்ப் ஒன்றை வாங்கிவந்து பின்சீற்றுக்குக் கீழே, தகரத்தின்மேல் பூட்டிவிட்டார். தகரம் மேளம்போல் அதிர்ந்தது. அவர் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, ஏன் அந்த இடத்தைத் தெரிவுசெய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன்.

“அதிலைதான் ஏற்கெனவே ரெண்டு ஓட்டை இருந்தது, மாஸ்ரர். புதுசாத் துளைச்சால் காரின்ரை வடிவு கெட்டுப்போகுமெல்லே?”

சாத்திரச் சிக்கல்

பின்சீற்றில் இருந்து பயணம் செய்கிறவர் கந்தையரின் மனைவி செல்லம்மா. பம்பின் சத்தம் அவருக்குப் பம்பின் சத்தமாகப் படவில்லை; பல்லி சொல்வதாகப் பட்டது. பல்லி சொன்னால் விரலால் நிலத்தைத் தட்டவேண்டும் என்பது வழக்கம். செல்லம்மா அக்கா சீற்றைத் தட்டினார். பம்ப் மறுபடியும் சொன்னது. மறுபடியும் தட்டினார். பரந்தன் போய்ச் சேருவதற்குள் விரல் வீங்கிவிட்டது.

நான் சீற்றைத் தூக்கி, பம்பைக் காட்டி, இது பல்லியல்ல, உள்ளே காந்தம் ஒன்று சவ்வை இழுத்து விடுகிறது, அந்தச் சத்தம்தான் இது என்று விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, தன்னைப் பல நாளாய் வருத்திக்கொண்டிருந்த சந்தேகத்தை வெளியே விட்டார். கிழக்கிலிருந்து சொன்னால் ஒரு பலன், மேற்கிலிருந்து சொன்னால் ஒரு பலன் என்று பஞ்சாங்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறதாம். பஞ்சாங்கம் எழுதியவர்கள் வீட்டுச் சுவரை மனதில் வைத்து எழுதியவர்கள்; சுவர் திரும்பாது.

“பல்லி இருந்த இடத்திலையே இருக்க, கார் பரந்தன் சந்தியிலை முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், பலனும் திரும்புமோ தம்பி?”

பெரியப்பாவின் காது

இதுவரைக்கும் சிரிப்பு. இனி வருவது கலியாணம்.

கந்தையரின் ஒரே மகள் பரமேஸ்வரி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தா. வவுனியாவில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்த பையனைப் பேசியிருந்தார்கள். பையன் நல்லவன். சைக்கிளில் போய் வருவான். கேட்டால் மட்டும் பேசுவான். அதையும் தன் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவான். பெரியப்பா சபாரத்தினம் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர். அவர் யாரும் கேட்காமலே பேசுவார். பேச்சு தொடங்கியபோது சீதனம் வயல் என்றார். சாதகம் பொருந்தியதும் வீடும் என்றார். ஊருக்கெல்லாம் கதை தெரிந்து, இனிப் பின்வாங்க முடியாது என்ற கட்டம் வந்ததும் காரும் என்றார். பையன் கந்தோருக்குச் சைக்கிளில் போவது குடும்பத்துக்கு வடிவில்லையாம். அந்தக் குடும்பத்துக்கு அதுவரை வடிவாயிருந்த சைக்கிள் அது.

கந்தையர் காரைத் தர ஒத்துக்கொண்டார். பெரியப்பா பார்க்க வந்தார், பார்க்கவில்லை, கேட்டார். பின்சீற்றில் இருந்து, குனிந்து, காதை வைத்து, வைத்தியர் மாதிரிக் கண்ணை மூடினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: சத்தம் நிற்கவேண்டும், அல்லது சத்தம் போடாத வேறு கார் வரவேண்டும். இரண்டுமில்லையென்றால் பேச்சு முறியும். வேறு கார் என்றால் கந்தையர் தனக்கென்று வைத்திருந்த மிச்ச வயலையும் விற்கவேண்டும். பேச்சு முறிந்தால், கார் சத்தம் போட்டதற்காக வேண்டாமென்று விடப்பட்ட பெண் என்று பரமேஸ்வரியை ஊர் சொல்லும். பல்லிக் கதை பெரியப்பாவுடைய காதிலும் விழுந்திருந்தது. அவர் பகுத்தறிவு பேசுகிறவர். கோயில் வாசல் மிதியாதவர். மூடநம்பிக்கைகளுக்குள் சாதகமும் சீதனமும் அடங்கமாட்டா என்பது அவர் கொள்கை.

“பல்லி எண்டு நான் சொல்லேல்லை, கந்தையர். உதெல்லாம் மூடக் கதை. குறைஞ்ச சாமான் எண்டுதான் நான் சொல்லுறன்.”

சபை கூடியது

மறுநாள் காலை கார் என் கராஜில் நின்றது. அதைச் சுற்றி வன்னியின் அறிவு முழுவதும் நின்றது. உழவு மெசின் ஓட்டுகிற ஒருவர் பெற்றோல் தாங்கி சிறிது என்றார். பலசரக்குக் கடைக்காரர் கரண்ட் கூடிவிட்டது, கொஞ்சம் குறைத்துவிடு என்றார். தேத்தண்ணி குடிக்க வந்த ஒருவர், காரை அவர் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டவர், எஞ்சினுக்கும் கதவுக்கும் சாதி பொருந்தவில்லை என்றார்.

மரிசலின் மட்டும் வேறுமாதிரிச் சொன்னார். அவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் வான் ஓட்டிவருகிறவர். வானின் முன்பக்கம் அந்தோனியார் படம் இருக்கும், பொனற்றுக்குள் பம்பின்மேல் எப்போதும் ஒரு ஈரச்சாக்கு இருக்கும். “சாக்கை நனைச்சுப் போடுங்கோ” என்றார். ஏன் என்று கேட்டேன். ஏனென்று தனக்குத் தெரியாது, போட்டால் ஓடும் என்றார். காரணம் தெரியாத வைத்தியத்தை நான் ஏற்பதில்லை. என்னுடைய வைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. பம்புக்குக் கீழே பழைய ரியூப் றப்பர் வெட்டி வைத்தேன், மேளம் நின்றது. குழாய்ப் பூட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, காற்றுப் புகாதபடி புது வாஷர் போட்டேன். தாங்கியைக் கழுவினேன். காலைக் குளிரில் பம்ப் நல்ல பிள்ளையாக ஆறுதலாகச் சொன்னது. வழியனுப்பினேன். பின்னேரம் கார் திரும்பி வந்தது, இரண்டு எருதுகள் முன்னால் இழுக்க. மத்தியானம் முறிகண்டிக்குக் கிட்டப் போகும்போது படபடவென்று அடித்துக்கொண்டு மூச்சை விட்டிருக்கிறது. மரிசலின் மீன் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்.

“காலமையிலை மீன்கூட மணக்காது, மாஸ்ரர்.”

பிள்ளையாரின் முறை

அடுத்த நாள் உச்சி வெயிலில் நானே கந்தையரோடு புறப்பட்டேன். முறிகண்டிக்குக் கிட்ட வர, பம்ப் பதறத் தொடங்கியது. கந்தையர் அசையவில்லை. “முறிகண்டியிலை நிப்பாட்டி எடுத்தால் சரிவந்திடும். நேற்று அவசரத்திலை பின்னேரம் கும்பிடுவம் எண்டு நினைச்சன், அதுதான் விட்டிட்டுது” என்றார். கண்டி வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது. பஸ் நிற்கும், லொறி நிற்கும். மரிசலின்கூட நின்று வறுத்த கச்சான்கடலை வாங்கிக்கொண்டுதான் போவார். நாங்களும் நின்றோம். கந்தையர் தேங்காய் வாங்கப் போக, நான் சீற்றைத் தூக்கிப் பம்பைத் தொட்டேன். விரல் பொசுங்கிப்போய்விட்டது.

குனிந்து அடியைப் பார்த்தேன். மைத்துனர் இழுத்த தடித்த புகைக்குழாய், அவர் கண்டெடுத்த இரண்டு ஓட்டைகளுக்கும் நேர் கீழே, தகரத்தை முட்டாத குறையாகப் போய்க்கொண்டிருந்தது. விஷயம் இவ்வளவுதான்: பெற்றோல் திரவமாயிருக்கும்வரை பம்பின் ஆட்சிக்கு உட்பட்டது, கொதித்து ஆவியாகிவிட்டால் அது யாருக்கும் கட்டுப்படாது. பம்ப் ஆவியைப் பிடித்துத் தள்ளப் பார்த்துப் பதறுகிறது. கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, விலை சரியில்லை என்று வாதாடி முடிய அரை மணித்தியாலம் போகும். அதற்குள் எல்லாம் ஆறிவிடும். கார் எடுபடும், பம்ப் ஆறுதலாகச் சொல்லும். மரிசலினின் ஈரச்சாக்கு செய்வதும் இதுதான். முன்பொருநாள் செல்லம்மா அக்கா சீற்றைத் தூக்கிக் கோயில் தீர்த்தத்தைப் பல்லிமேல் தெளித்தாராம்; பல்லி அடங்கியதும் இதனால்தான். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக, முதலிலிருந்து விளக்கினேன். கந்தையர் கச்சான் கோதை யன்னலால் எறிந்தார்.

“அப்ப பிள்ளையார் செய்யிறதைத்தான் நீர் புத்தகம் பாத்துச் சொல்லுறீர்.”

பரமேஸ்வரியின் கேள்வி

வீட்டுக்குத் திரும்பி, பம்பைக் கழற்றிப் புகைக்குழாய்க்கு எட்டாத மற்றப் பக்கத்தில் பூட்டினால் போதும், அரை மணித்தியால வேலை என்று சொன்னேன். பெரியப்பாவும் மாப்பிள்ளையும் வருகிற கிழமை வந்து, காரில் வவுனியாவரை ஓடிப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் செய்துவிடலாம். கலியாணமும் தப்பும், வயலும் தப்பும். நான் உடனே செய்யத் தயாராக, நட்டுக் கழற்றும் சாவிகளை எடுத்தேன்.

பரமேஸ்வரி மேசையில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமல், “அண்ணை, முறிகண்டியிலை நிப்பாட்டாமல் விட்டால் என்ன நடக்கும்?” என்று கேட்டா. மத்தியானமென்றால் மாங்குளத்துக்கு முதல், நடுக்காட்டில் நின்றுவிடும் என்றேன். “பிறகு தானாச் சரிவருமோ?” ஆறவிட்டால் சரிவரும் என்றேன். “பம்புக்கு ஒண்டும் ஆகாதோ?” ஆகாது என்றேன். இவ்வளவு நுட்பமாக என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை; எனக்குச் சந்தோஷமாயிருந்தது. இன்னும் விளக்கத் தொடங்கினேன். அவ சிவப்பு மைப் பேனையை மூடிவிட்டுத் தகப்பனைப் பார்த்தா. தகப்பன் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சாவியை வாங்கி மேசையில் வைத்தார். வேலை சிறிது, நேரமும் இருக்கிறது, ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று நான் கோபித்துக்கொண்டேன்.

“எதையும் நாள் பாத்துச் செய்வம், தம்பி. நீரும் வவுனியாவுக்கு எங்களோடை வாரும். ஆனால் விளக்கம் சொல்லாதையும்.”

படித்தவர்

அந்த நாள் வந்தது. மத்தியான வெயிலில் புறப்பட்டோம். கந்தையர் ஓட்டினார், பெரியப்பா முன்னால் இருந்தார், மாப்பிள்ளையும் நானும் பின்னால். றப்பரின் புண்ணியத்தில் பம்ப் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தது. பெரியப்பாவின் முகம் மலரவில்லை என்றாலும் சுருங்கவில்லை. முறிகண்டி மரங்கள் தெரிய, கந்தையர் வேகத்தைக் குறைத்தார். குரலில் அப்படியொரு பணிவை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. “எங்கடை சனம் இதிலை நிப்பாட்டிக் கும்பிட்டுத்தான் போறது. நீங்கள் படிச்ச ஆக்கள். உங்களுக்கு உதெல்லாம் ஒத்துவருமோ தெரியாது. நிப்பாட்டட்டோ, விடட்டோ?”

“ஏன் நிப்பாட்டோணும்? பெற்றோலிலை ஓடுற கார்தானே. நேர விடும்” என்றார் பெரியப்பா.

நேரே விட்டார். பம்ப் பதறியது, பதற்றம் படபடப்பானது, இரண்டு மைல்கட்டை தள்ளி எஞ்சின் இருமி, குலுங்கி, நின்றது. இரண்டு பக்கமும் காடு. வீதியில் கொஞ்சம் முன்னால் யானை லத்தி கிடந்தது, அதில் ஆவி பறந்தது. கந்தையர் பொனற்றைத் திறக்கவுமில்லை, இறங்கவுமில்லை. “சொல்லக்கூடாது, ஆனால் சொல்லுறன். இந்தக் காரிலை பிள்ளையாருக்கு ஒரு கண். சீதனப் பேச்சுத் தொடங்கின நாளிலையிருந்து உது இப்பிடித்தான்” என்றார். நான் வாயைத் திறந்தேன். முன்சீற்றுக்கு மேலால் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விளக்கத்தை விழுங்கினேன், இறங்கக் கஷ்டமாயிருந்தது.

காட்டுக்குள் எங்கோ ஒரு கொப்பு முறிந்தது. பெரியப்பா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். மாப்பிள்ளை பின்னால் போனான். வந்த வழியே நடந்தார்கள். திரும்பும்போது ஒரு விறகு லொறியில் வந்து இறங்கினார்கள். பெரியப்பாவின் நெற்றி நிறையத் திருநீறு, மாப்பிள்ளையின் கையில் கடதாசிச் சரையில் கச்சான். கந்தையர் கும்பிட்டுவிட்டு ஸ்ராட்டரை அமத்தினார். முதல் தட்டிலேயே எஞ்சின் எடுபட்டது. பம்ப் ஆறுதலாக, அன்பாக, டக், டக் என்றது. வெயில் சாய்ந்திருந்தது; வவுனியாவரை அது பதறவில்லை. தன் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பெரியப்பா கந்தையரின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்.

“காரைப் பற்றி இனி வாய் திறக்கிறதில்லை எண்டு நேந்திட்டன். வேறை காரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீங்களும் இதைப்பற்றி ஒருத்தரோடையும் கதையாதேங்கோ.”

அரை மணித்தியால வேலை

தை மாதத்தில் கலியாணம் நடந்தது. கார் சீதனத்தில் இல்லை. மிச்ச வயலை யாரும் விற்கவில்லை. மாப்பிள்ளை சைக்கிளிலேயே கந்தோருக்குப் போனான். குடும்பத்துக்கு அது பழையபடி வடிவாயிருந்தது. செல்லம்மா அக்கா, பல்லி சொன்ன பலன் பலித்துவிட்டது என்று என்னிடம் வந்து சொன்னார். எந்தத் திசையிலிருந்து சொன்னது என்று நான் கேட்கவில்லை.

மாசி பிறந்ததும் கந்தையர் காரை என் கராஜில் கொண்டுவந்து நிறுத்தினார். பரமேஸ்வரி புருஷனோடு வந்திருந்தா. “நாள் பாத்தாச்சு, தம்பி” என்றார் கந்தையர். பம்பைக் கழற்றி மற்றப் பக்கத்தில் பூட்டினேன். சொன்னபடி அரை மணித்தியாலம். காரைத் தான் மகளுக்குச் சும்மா கொடுக்கப்போவதாகவும், அவ வயல் வீதியில் ஓட்டிப் பழகிவிட்டதாகவும் கந்தையர் சொன்னார். மாப்பிள்ளை, இந்தமுறை யாருடைய முகத்தையும் பார்க்காமல், தனக்கும் பழக்குவதாகச் சொல்லியிருக்கிறா என்றான். கிடந்த கொஞ்சச் சத்தத்தையும் அடக்கிவிடுகிறேன் என்று நான் இன்னொரு றப்பர்த் துண்டை வெட்டினேன். பரமேஸ்வரி கையைக் காட்டி மறித்தா.

“அது இருக்கட்டும், அண்ணை. வாசலிலை வந்து நிக்கேக்கை பெரியப்பாவுக்குக் கேக்கவேணும்.”

பழுதான பம்ப் எது, நல்ல பம்ப் எது என்று இத்தனை வருடமாய் ஊருக்கு விளக்கிய எனக்கு, ஒரு பழுது யாருக்கு எந்த நாளில் தேவைப்படும் என்று எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. பெரியப்பா இன்றைக்கும் கிளிநொச்சிக்குப் பஸ்ஸில்தான் வருகிறார். பஸ் முறிகண்டியில் நிற்கிறது.